முந்திரிக்கொத்துத் திருடனை நான் பிடித்த விதம்

இடம் காலிதான் சார், உட்காருங்கள். பையை மட்டும் அந்தக் கம்பியில் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது பாட்டுக்கு மிதந்து கூரைக்குப் போய்விடும். நேற்று ஒரு அம்மாவின் கைப்பை அப்படித்தான் போய் விளக்குக்குப் பின்னால் செருகிக்கொண்டது. நிலையத்துக்காரன் நீளக் கழியோடு வந்து மாங்காய் அடிக்கிற மாதிரி அடித்தான். செருப்பையும் கழற்றாதீர்கள். அதில் இருக்கிற காந்தம்தான் உங்களையும் என்னையும் மனுஷர் மாதிரி தரையில் வைத்திருக்கிறது.

எந்தக் கப்பலுக்குக் காத்திருக்கிறீர்கள்? பூமிக்கா? நல்லது, நல்லது. நான் எதிர்ப்பக்கம். செவ்வாய்க்குப் போக வேண்டியவன். பாதி வழி போயும் விட்டவன். இந்த நடுவழி நிலையத்தில் என்னை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது சார். குற்றம் செய்தவனை விட்டிருந்தால் சரி. குற்றத்தைக் கண்டுபிடித்தவனை விட்டுவிட்டுப் போய்விட்டது! நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்?

என் பெயர் அருமைநாயகம். ‘பொருநை’ கப்பலில் காவல் அதிகாரி. அதிகாரி என்பதை நானே சேர்த்துக்கொண்டதாகச் சிலர் சொல்வார்கள். அந்தக் கப்பலில் காவலுக்கு இருந்ததே நான் ஒருவன்தான். ஒருத்தனே இருக்கிற இடத்தில் அவன்தானே அதிகாரி?

முதலில் செருப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொருநையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி காந்தச் செருப்புதான் கொடுப்பார்கள். சாம்பல் நிறம், தடித்த அடி. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சாமர்த்தியமான செருப்பு. அடியில் ஒரு சில்லு வைத்திருப்பார்கள். யார் எங்கே நடந்தாலும் கப்பல் தலைவியின் அறையில் இருக்கிற பெரிய திரையில் அவர் பெயர் ஒரு புள்ளியாக எறும்பு மாதிரி ஊரும். கதவுகள்கூடச் செருப்பைப் பார்த்துத்தான் திறக்கும். முகத்தைப் பார்க்கிற பழக்கம் அந்தக் கப்பலுக்குக் கிடையாது.

அதனால் ஏறும்போதே எங்கள் தலைவி மரகதவல்லி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “தூங்குற நேரம் தவிர யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது.” நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்துவிடுகிறதே சார். இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருந்தோம். அவர் முன்னால் செருப்புக் காலோடு போய் நிற்க யாருக்கு மனசு வரும்? மேடமே வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

செருப்பில்லாமல் நிற்க முடியாது, மிதக்கத்தான் வேண்டும். பிள்ளையாரைச் சுற்றி மிதந்தே வலம் வருவோம். தோப்புக்கரணம் போட்டால் ஆள் அப்படியே குட்டிக்கரணமாகச் சுழன்று பின்னால் இருப்பவர் முகத்தில் காலை வைப்பான். சுண்டலைக் கையில் கொடுக்க மாட்டார்கள், காற்றில் விட்டுவிடுவார்கள். வாயைத் திறந்துகொண்டு நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்திக்குப் பக்தி, உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி. வெளியே வந்தால் எல்லாருடைய செருப்பும் காந்தம் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு பலாப்பழம் மாதிரி ஒரே உருண்டையாகக் கிடக்கும். ஆளுக்கொரு ஜோடியைப் பிய்த்து மாட்டிக்கொண்டு ஓடுவோம். வேலை கிடக்கிறதல்லவா?

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் என் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு கடிக்கிறது, சுண்டுவிரலைப் போட்டு நசுக்குகிறது. விண்வெளிக்கு வந்தால் உடம்பு அப்படி இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் நிலையத்தில் வேலை பார்க்கிற சுயம்புலிங்கம் என்கிற பையனும் அதே சமயம் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, என் செருப்பு தொளதொளன்னு கெடக்கு, நடந்தா கால் மட்டும் முன்னால போகுது” என்றான். அவனுக்குக் கால் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி. “துணியைச் சுத்திப் போட்டுக்கடா” என்று வழி சொன்னேன். நல்லது சொல்கிறவன் சார் நான்.

சுயம்புலிங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உவரிப் பக்கத்துப் பையன். அவன் மனைவி ஏற்கெனவே செவ்வாயில் வேலையில் இருந்தாள். இவன் கப்பல் ஏறின பிறகு அவளுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது. படத்தில்தான் பார்த்திருந்தான். சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து எடுத்துக் காட்டுவான். “மூக்கு என்னை மாதிரி இருக்கா அண்ணாச்சி?” குழந்தை என்றால் எல்லா மூக்கும் ஒரே மூக்குதான். “அச்சு அசல்” என்று சொல்லிவைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் தாணம்மாள் என்று ஒரு நாகர்கோவில் அம்மா வந்தார். மகளுக்குச் செவ்வாயில் கல்யாணம். சீர் கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? பெரிய பெரிய டின்களில் முந்திரிக்கொத்து. சாப்பிட்டிருக்கிறீர்களா? பெயர்தான் முந்திரி, உள்ளே முந்திரியே கிடையாது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்து எடுப்பது. மூன்று உருண்டை ஒன்றாக ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். கெடாத பலகாரம், அதனால்தான் அத்தனை தூரம் கொண்டு வந்தார்.

கிடங்கில் டின்களை வைக்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஒங்கள நம்பித்தான் வச்சிட்டுப் போறேன். சம்பந்தி வீட்டுல எண்ணி வாங்குவாவ” என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த டின்கள் என் பொறுப்பு.

காவல் என்றால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறதா சார்? மூடியைத் திறக்க வேண்டும். வாசனை பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் விண்வெளியில் எப்போது சிக்கு வாடை அடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. பல்லில் கடித்துப் பார்த்தால்தான் தெரியும். மேலே இருப்பது நன்றாக இருந்தால் போதுமா, அடியில் இருப்பதன் கதி என்ன? அடியிலிருந்தும் பார்க்க வேண்டும். அதுவோ கொத்து. ஒன்றைத் தொட்டால் மூன்றாகத்தான் வரும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு நாள் தவறாமல் பார்த்தேன். ஒரு நாள்கூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. அந்த அம்மாவின் கைப்பக்குவம் அப்படி.

இப்படிக் கண்ணும் கருத்துமாக நான் காத்துக்கொண்டிருந்த கிடங்கில்தான் சார் திருட்டு நடந்தது!

ஒரு நாள் தாணம்மாள் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

“எனக்க முந்திரிக்கொத்து கொறஞ்சிருக்கு! பாதி டின்னு காத்துதான் இருக்கு!”

எனக்கு ரத்தம் கொதித்தது. “யாரும்மா அவன்? என் காவல்லயா கைவச்சான்?” என்று கத்தியே விட்டேன்.

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்தத் திரைக்குத் தெரியாம கப்பல்ல யாரும் ஒரு அடி வைக்க முடியாது. நான் இங்கே உக்காந்து பார்க்குறேன். நீங்க கிடங்குக்கு வெளியே நடைபாதை முனையில நில்லுங்க. வாயே திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா ஆள் உஷாராயிடுவான்.”

போனேன். கொஞ்ச நேரம் நடைபாதை முனையில் நின்றேன். பிறகு யோசித்தேன். திருடன் வரப்போவது கிடங்குக்குள். போலீஸ் வெளியே நின்றால் என்ன பிரயோஜனம்? உள்ளே போய் டின்களுக்கு நடுவில் பதுங்கினேன். பதுங்கியிருக்கும்போது கை சும்மா இருக்கலாமா? திருடன் தொட்டிராத டின் எது, தொட்ட டின் எது என்று ருசியை வைத்துத் தெரிந்துகொள்ளலாமே என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தேன். ஈ காக்கை வரவில்லை. சரி என்று மறுபடி நடைபாதை முனைக்கு வந்து நின்றேன்.

மேடம் மூச்சிரைக்க ஓடிவந்தார். “பார்த்தீங்களா அவனை?”

“யாரை மேடம்?”

“சுயம்புலிங்கத்தை! உள்ளே போனான், டின் டின்னா நின்னு நின்னு போனான், ரொம்ப நேரம் இருந்துட்டு இப்பத்தான் வெளியே வந்தான். திரையில என் கண்ணால பார்த்தேன். உங்களைத் தாண்டித்தானே போயிருக்கணும்?”

எனக்கு மயிர்க்கூச்செடுத்துவிட்டது சார். அவன் உள்ளே இருந்த அதே நேரம் நானும் உள்ளேதான் இருந்தேன்! அவன் நின்ற டின்களுக்குப் பக்கத்தில்தான் நானும் நின்றிருக்கிறேன். என் தோள்மேல் அவன் மூச்சு பட்டிருக்கும். ஆனால் கண்ணில் படவில்லை! எப்பேர்ப்பட்ட தேர்ந்த கள்ளனாக இருந்தால் இது நடக்கும்? நான் உள்ளே போனதை மட்டும் மேடத்திடம் சொல்லவில்லை. விசாரணை முறைகளை வெளியே சொல்லக் கூடாது.

“உங்க மீசையில என்ன அது?” என்றார் மேடம்.

“நடைபாதைத் தூசி மேடம்.”

“வெல்லம் மாதிரி வாசனை வருது.”

“கிடங்குப் பக்கத்துத் தூசி இல்லையா, அப்படித்தான் வரும்.”

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சுயம்புலிங்கம் நின்றான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் பாவி.

“நான் தண்ணி நிலையத்தை விட்டு நகரவே இல்ல மேடம். வால்வு ஒழுகுது, விட்டுட்டு எப்படிப் போவேன்?”

மேடம் மேசையை ஓங்கித் தட்டினார். “பொய் சொல்லாதே. தண்ணி நிலையத்துல இத்தனை நாளா யார் இருந்தாங்கன்னு திரையில இருக்கு. நேத்து அருமைநாயகம் இருந்தார், முந்தாநாளும் அவர்தான். நீ வேலையைப் போட்டுட்டுக் கிடங்குல மேயுறே, பெரியவர் உன் வேலையையும் சேர்த்துப் பார்க்குறார். தன் காவலுக்கு நடுவுல! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? இதுதான் மனுஷன்!” அப்புறம் என் பக்கம் திரும்பி, “என்ன அண்ணாச்சி, உண்மைதானே?”

சாப்பாட்டுக் கூடம் முழுக்க என்னைப் பார்த்தது சார். இந்தக் கப்பலில் ஏறியதிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. காவல்காரன் நடந்து போனால் காற்று போகிற மாதிரி. இன்றைக்கு எல்லாக் கண்ணும் என்மேல். தண்ணீர் நிலையத்தில் நான் காலே வைத்ததில்லை என்பது வேறு விஷயம். மேலதிகாரி நாலு பேர் முன்னால் பாராட்டும்போது, இல்லை, நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள் என்றால் அவரை அவமானப்படுத்துகிற மாதிரி ஆகாதா?

“ஏதோ, என்னால முடிஞ்சது மேடம்” என்றேன்.

“அண்ணாச்சி!” என்று சுயம்புலிங்கம் கத்தினான். “நீங்க எப்ப அங்க வந்தீங்க?”

“தம்பி, நீ இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றேன். அந்தச் சமயத்தில் அப்படி வந்துவிட்டது. நல்ல பதில் என்று எல்லோரும் சொன்னார்கள்.

விதி கண்டிப்பானது. பயணிகள் சரக்கில் கைவைத்தால் நடுவழி நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். அடுத்த செவ்வாய்க் கப்பல் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சுயம்புலிங்கம் அதைக் கேட்டான். படத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். தாணம்மாள்தான் எழுந்து வந்தார்.

“விட்டுருங்கம்மா. சின்னப் பிள்ள, பசிக்குத் தின்னுருப்பான். ஏ மக்கா, ஒரு வார்த்த கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“நான் தின்னல அம்மா.”

“சரி, தின்னல. எனக்க கணக்குல தின்னதாவே இருக்கட்டும். விட்டுருங்க.”

மேடம் விடவில்லை. திரை சொல்லிவிட்டதே. எனக்கும் உள்ளே ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் சட்டம் என்று இருக்கிறதல்லவா?

கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. தண்ணீர் ஏற்றுகிற நேரம் மட்டும்தான் நிற்கும். மேடம் வாசல் கதவுக்கு உத்தரவு போட்டுவிட்டார்: சுயம்புலிங்கம் இறங்கியதும் திரும்ப ஏற்றக் கூடாது. அவனை இறக்கிவிடுகிற பொறுப்பு என்னுடையது. அவன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்தேன், பாருங்கள், குற்றவாளியின் பெட்டியை. இதோ, இந்த நாற்காலி வரைக்கும் வந்தோம்.

“அண்ணாச்சி, ஒரு உதவி” என்றான். “பாப்பாவுக்குக் குழாய்த் துண்டுல ஒரு கிலுகிலுப்பை பண்ணி வச்சிருந்தேன். தண்ணி நிலையத்துல என் படுக்கைக்குக் கீழே இருக்கு. நான் போகாட்டியும் அதாவது போகட்டும். தாணம்மா அக்காகிட்ட கொடுத்துவிடுங்க.”

எனக்கு மனசு இளகிவிட்டது. கால் வேறு உயிர் போகிற மாதிரி கடித்துக்கொண்டிருந்தது, கப்பலின் அந்தக் கோடி வரைக்கும் யார் நடப்பது? “கதவு உன்னை விடாதுதான். ஆனா நான் இங்கே நிக்கேன்ல, என் முகத்துக்காக விட்டாலும் விடும். ஓடிப் போய் நீயே கொடுத்துட்டு வா” என்றேன்.

ஓடினான், துணி சுற்றின காலோடு தத்தக்கா பித்தக்கா என்று. கதவு திறந்தது சார்! இனிமையான பெண் குரலில், “வணக்கம் அருமைநாயகம். வருக” என்றது. அவன் ஒரு கணம் திகைத்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சும்மா தலையாட்டினேன். கடமை செய்கிறவனைக் கதவுகூடத் தூரத்திலிருந்தே பெயர் சொல்லி வணங்குகிறது, இதில் திகைக்க என்ன இருக்கிறது?

போனவன் வரவில்லை. புறப்படுகிற மணி அடித்தது. பையன் ஒளிந்துகொண்டான், இழுத்து வருவோம் என்று நான் கதவுக்குப் போனேன்.

“சுயம்புலிங்கம், உங்கள் பயணம் இத்துடன் நிறைவடைந்தது. நன்றி.”

“ஏய், நான் அருமைநாயகம்! காவல் அதிகாரி!”

“சுயம்புலிங்கம், தயவுசெய்து விலகி நிற்கவும்.”

எனக்கு வந்த கோபத்தில் கதவை ஓங்கி ஒரு உதை விட்டேன். காந்தச் செருப்பு சார், இரும்புக் கதவு. ஒட்டிக்கொண்டது. ஒரு கால் கதவில், ஒரு கால் தரையில். அப்படியே நாட்டியம் ஆடுகிறவன் மாதிரி நிற்கிறேன். நிலையத்துக்காரன் கடப்பாரையோடு வந்து நெம்பி எடுப்பதற்குள் உள்கதவும் சாத்திக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது.

நிலையத்து வயர்லெஸ்ஸில் மேடத்தைப் பிடித்தேன். “மேடம், நான் கீழே நிக்கேன்!”

“யாரு?”

“அருமைநாயகம்!”

“விளையாடாதீங்க அண்ணாச்சி. நீங்க தண்ணி நிலையத்துல இருக்கீங்க. திரையில தெரியுது.”

“மேடம், சத்தியமா நான் நடுவழியில நிக்கேன்!”

பின்னால் யாரோ ஓடுகிற சத்தம். சுயம்புலிங்கத்தின் குரல் ஏதோ சொல்கிறது. தாணம்மாள் “ஏ எனக்க மாதாவே!” என்று கத்துகிறார். பிறகு மேடம் மெதுவாகப் பேசினார்.

“அண்ணாச்சி, கால்ல இருக்கிற செருப்பைக் கழற்றி உள்பக்கம் என்ன பேரு போட்டிருக்குன்னு பாருங்க.”

கழற்றிப் பார்த்தேன். எனக்கு உலகமே இருண்டது. எஸ். சுயம்புலிங்கம் என்று போட்டிருக்கிறது!

“மேடம்!” என்று கத்தினேன். “முந்திரிக்கொத்து மட்டுமில்ல, அந்தப் பய என் செருப்பையும் திருடியிருக்கான்!”

அப்புறம் மேடம், “நீங்க அங்கேயே இருங்க அண்ணாச்சி” என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்பி வர முடியாது, கப்பல் வேகம் எடுத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். வருத்தமாகப் பேசினார். சிரிப்பை அடக்குகிற மாதிரிகூடக் கேட்டது, ஆனால் துக்கத்திலும் சிலருக்குக் குரல் அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் இறங்கியதிலிருந்து டின்னில் ஒரு கொத்துகூடக் குறையவில்லையாம். அதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருந்தார். நான் நடத்திய விசாரணை அந்தப் பையனை அவ்வளவு நடுங்க வைத்திருக்கிறது. ஆள் கப்பலில் இல்லாவிட்டாலும் அவன் போட்ட பயம் அங்கே காவல் நிற்கிறது. இதைவிட ஒரு காவல்காரனுக்கு என்ன வேண்டும்? அவனை மன்னித்து வேலையிலும் வைத்துக்கொண்டார்களாம். மேடத்துக்கு இளகிய மனசு.

போன வாரம் சுயம்புலிங்கமே பேசி அனுப்பியிருந்தான். கப்பல் செவ்வாய் போய்ச் சேர்ந்துவிட்டது. “அண்ணாச்சி, பாப்பாவைத் தூக்கிட்டேன். கிலுகிலுப்பையை வாங்கி என் மூக்குலயே அடிச்சா. நீங்க அன்னைக்கு என்னைத் திரும்ப ஓடச் சொல்லலேன்னா நான் இன்னும் அங்கதான் உக்காந்திருப்பேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்கிறான். பின்னால் குழந்தை கத்துகிறது, கல்யாண மேளம் வேறு கேட்கிறது. இந்தக் கூடத்தில் அன்றைக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன். அந்தச் சத்தத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். கேட்டால் என்ன, யாருக்கு நஷ்டம்?

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பலகாரத்தைத் திருடினான், செருப்பைத் திருடினான், என் இடத்தையே திருடிக்கொண்டு போனான். இருந்தாலும் பச்சைக் குழந்தைக்காரன். மனிதனுக்கு மனிதன் பெருந்தன்மை வேண்டாமா? ‘தம்பி, நீ செய்ததையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்’ என்று பதில் அனுப்பினேன்.

அதற்குத்தான் சார் இன்னும் பதில் வரவில்லை. தூரம் இல்லையா, வர நேரமாகும்.